லைட்டைச் சுற்றி வட்டம்

பிப்ரவரி 9, ஞாயிறு

சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இன்று இடித்தாயிற்று. வீடு முழுக்கத் தூசி. வசந்தாமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குத்தான் ரிட்டையர் ஆனீங்களாக்கு?" என்றாள்.

ஆமாம், இதற்குத்தான். முப்பத்தொரு வருடம் துணைமின் நிலையத்தில் உட்கார்ந்து கோபி ஊருக்கே வெளிச்சம் அனுப்பியவன் நான். என் வீட்டுச் சமையலறையில் மட்டும் ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் அடுப்புக்கு எதிர்ச் சுவரில். இத்தனை வருடமும் என் மனைவி தன் நிழல் விழுந்த அடுப்பில்தான் சமைத்திருக்கிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன மாதம்தான் முதல் தடவையாகச் சொன்னாள், "சாயங்காலமானா அடுப்படி இருட்டா இருக்குதுங்க" என்று.

சொல்லிவிட்டாள் அல்லவா, செய்துவிட வேண்டியதுதான்.

வேலையில் மணிக்கு மணி லாக் புத்தகம் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த நோட்டு. எந்த லைட், எத்தனை வாட், எந்தத் தேதியில் மாட்டினேன், எல்லாம் இதில் இருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

தண்டபாணி கடையில் இரண்டு மணி நேரம். ஒரு காலத்தில் எங்களிடம் ஒப்பந்த வேலை செய்தவன், இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லைட் கடை வைத்திருக்கிறான்.

"வீடு வேல பாக்கறவங்க மொதல்ல டைல்ஸுக்கு அலைவாங்க. லைட்டுக்கு வரும்போது களைச்சுப்போய், ஏதோ ஒண்ணு குடுப்பாம்பாங்க. லைட்டுக்கோசரம் சுவத்தையே இடிச்சவரு நீங்க ஒருத்தர்தான் சார்" என்றான். கிண்டல்தான். இருந்தாலும் நல்லதாகத்தான் இருந்தது கேட்க.

முடிவு: காய் நறுக்கும் மேடைக்கு மேலே, அலமாரியின் அடியில் பட்டை லைட். கூரையில் சதுர லைட் இரண்டு. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு, அதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

மாட்டியாயிற்று. பழைய சகா ஒருவரிடம் லக்ஸ் மீட்டர் இரவல் வாங்கி வந்தேன். ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்து சொல்லும் கருவி. மேடையில் முன்பு தொண்ணூறு லக்ஸ். இப்போது ஐந்நூற்று இருபது. ஆபரேஷன் பண்ணலாம் என்று வசந்தாவிடம் சொன்னேன்.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "வெளிச்சம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா லைட்டச் சுத்தி வட்டம் தெரியுதே, வானவில்லாட்ட."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்மூடி மட்டமான பிளாஸ்டிக்காக இருக்கும். நாளை தண்டபாணியைப் பிடிக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

மூடியை மாற்றினேன். வட்டம் இருக்கிறதாம். லைட்டையே மாற்றினேன், வேறு கம்பெனி. அப்போதும் இருக்கிறதாம். எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டதற்கு, "உங்களுது கவர்மென்டு கண்ணுங்க. கொறையே தெரியாது" என்றாள். சிரித்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

நேற்று சிங்கப்பூரிலிருந்து மகள் சுகந்தி போன். அம்மா அவளிடமும் வட்டக் கதையைச் சொல்லியிருக்கிறாள். "அம்மாவ ஒரு கண்ணு டாக்டர்கிட்டக் காட்டுங்கப்பா" என்றாள். சரி, காட்டிவிட்டால் போயிற்று என்று இன்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். அட்டையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். பழைய பவரே போதும் என்றார்கள்.

சுகந்தியிடம் சொன்னேன். "கண்ணாடிக் கடை வேற, டாக்டர் வேறப்பா" என்றாள். கடைசி வரிவரை படிக்கிறவளுக்கு டாக்டர் எதற்கு? லைட்டில் உள்ள குறையை லைட்டில்தான் தேட வேண்டும். எழுதிவைக்கிறேன்: மார்ச் 10, கண் சரி.

மார்ச் 23, ஞாயிறு

சாயங்காலமானால் வசந்தாவுக்குத் தலைவலி. வலது பக்க நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். பால் வெள்ளை எல்இடி கண்ணைக் கூசும், கூசினால் தலை வலிக்கும். கூரையில் இருந்த இரண்டையும் கழற்றி மஞ்சள் வெளிச்சம் மாட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

புது மேசையில் முதல் விருந்துச் சாப்பாடு, நாங்கள் இருவர்தான். பாயசத்தை டம்ளரில் ஊற்றுகிறேன் என்று டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். மேசை விரிப்பு பாழ். நல்ல நாளும் அதுவுமாக இப்படிக் கவனக் குறைவாக இருக்கலாமா என்று கேட்டேன். துணி எடுத்துவந்து துடைத்தாள். துடைக்கும்போது வலது முழங்கை பட்டு இன்னொரு டம்ளரும் கீழே போயிற்று.

மே 4, ஞாயிறு

இன்று சண்டை. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். லாக் புத்தகத்தில் பழுதையும் எழுத வேண்டும்.

அடுப்படி இன்னும் இருட்டாக இருக்கிறது என்றாள். கூரையில் மூன்றாவதாக ஒரு லைட் சேர்த்தேன். அறுநூற்று நாற்பது லக்ஸ். ஏணியில் நின்றபடியே, "இப்ப எப்படி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியேதானுங்க இருக்குது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏ புள்ள, மீட்டர் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா? வேணும்னே என்னை ஏணியில ஏத்தி எறக்கிட்டு இருக்கறயா?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் கால் வழுக்கிவிட்டது. விழவில்லை, அவள்தான் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"போதுமுங்க, எறங்குங்க. மீட்டர் சொன்னாச் சரிதானுங்க" என்றாள்.

மே 5, திங்கள்

இன்று கேட்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

மே 18, ஞாயிறு

இரண்டு வாரமாகத் தினமும் கேட்கிறேன். "ஜோரா இருக்குதுங்க" என்கிறாள். வட்டமும் இல்லையாம். பிரச்சனை தீர்ந்தது.

ஆனால் புதிது புதிதாகச் சில பழக்கங்கள். காய் நறுக்குவதெல்லாம் காலையிலேயே கொல்லைப்பக்கம் வெயிலில் உட்கார்ந்து முடித்துவிடுகிறாள். அறுநூற்று நாற்பது லக்ஸை வைத்துக்கொண்டு யாராவது கொல்லைக்குப் போவார்களா? கீரை வாங்கி வந்தால் முகம் சுளிக்கிறாள், ஆய்வதற்குச் சலிப்பாக இருக்கிறதாம். சீரக டப்பாவை நான் இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்று நேற்று அப்படி ஒரு கோபம். வயதானால் பிடிவாதம் வரும் போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மேசை விளக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். தண்டபாணி பத்துப் பதினைந்து எடுத்துப் போட்டான். கண்ணாடிக் குடுவை, மூங்கில் கூடை, கிரிக்கெட் பந்து மாதிரி ஒன்று. கடைசியில் பித்தளைத் தொப்பி போட்டது பிடித்தது. வெளிச்சம் மேசை மேல் மட்டும் வட்டமாக விழும், கண்ணில் அடிக்காது. கூட்டவும் குறைக்கவும் சுவரில் ஒரு திருகு. வசந்தாவின் தலைவலிக்கு மங்கலான வெளிச்சம் இதமாக இருக்கும் என்பது என் கணக்கு. மேசையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தொங்கவிட்டேன். அதற்கு மேலே போனால் கூசும், கீழே வந்தால் எதிரில் இருப்பவர் முகம் மறையும்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில், ஷிஃப்ட் வேலையால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது மிகக் குறைவு. இந்த ஒரு வாரமாகத் தினமும் சாப்பிடுகிறோம். பொழுது சாய்ந்ததும் மற்ற லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு இதை மட்டும் மங்கலாக வைக்கிறேன். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம்கூடப் பேசிக்கொண்டு இருக்கிறோம். பேச்சு என்னுடையதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பாதி திறந்திருந்த கதவில் வசந்தா மோதிக்கொண்டாள். வலது புருவத்துக்கு மேல் புடைத்துவிட்டது. கதவைப் பாதியில் விட்டது நான்தான், என் தப்பு.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடியும் அதே கதவு. இந்த முறை அது முழுதாகச் சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று எல்லாம் செய்திருந்தாள். விளக்கின் கீழ் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வாந்தி. வலது பக்கத்துக் கண்ணும் நெற்றியும் பிய்த்துக்கொண்டு போகிறது என்று அழுதாள். இவள் அழுது பார்த்து வெகு நாளாயிற்று. பித்தமாக இருக்கும். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வெளிச்சமே ஆகாது என்று படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, திரையைப் போட்டு, இருட்டாக்கிப் படுக்கவைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாந்தி நின்றிருக்கிறது. வலி இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது, அழுததனால் இருக்கும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தேன். இன்று முழுக்க இருட்டிலேயே படுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் காபி கொண்டுபோனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அப்புறம் கையை எடுத்தாள். மறுபடி மூடினாள்.

"இந்தக் கண்ணுல நீங்க இல்லீங்க" என்றாள்.

கோயம்புத்தூருக்குக் கார் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன். கோயம்புத்தூர்

கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஓர் அம்மாள், நாற்பது வயது இருக்கும், பொறுமையாகப் பேசுகிறார். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே போகும் வழி அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறிவிட்டதாம். அழுத்தத்தில் நரம்பு செத்துப்போகுமாம். செத்தது செத்ததுதான். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம், ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்த நடு இருந்ததனால்தான் அட்டையில் கடைசி வரிவரை படித்திருக்கிறாள்.

"லைட்டைப் பார்த்தா சுத்தி வட்டம் தெரியுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன், "ரெண்டு மூணு நாளாத்தாங்க."

வசந்தா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மருந்து ஊற்ற அவளை உள்ளே கூட்டிப் போனதும் டாக்டர் சொன்னார், "ரெண்டு மூணு நாள்ல நரம்பு இவ்வளவு கெட்டிருக்காது சார். பல மாசமா அழுத்தம் ஏறி எறங்கிட்டு இருந்திருக்கு. அந்த வட்டம்தான் அறிகுறி. அப்பவே வந்திருந்தா லேசர்ல சின்னதா ஒரு துளை போட்டு விட்டிருப்போம். பத்து நிமிஷ வேலை. ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்."

மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "அதுதான் இவங்களுக்கு ஆகவே ஆகாது" என்றார். இருட்டில் கண்ணின் பாப்பா விரிந்துகொடுக்கும், விரிந்தால் அந்த வழி இன்னும் அடைக்கும்.

ஒன்றரை மணி நேரம் என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இடது கண்ணுக்கு லேசர் போட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. பித்தளை விளக்கைக் கழற்றினேன். "அது அழகா இருந்துச்சேங்க, ஏனுங்க கழட்டறீங்க?" என்றாள். டாக்டர் சொன்னதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "ஒயரு சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் எங்கேயும் நிழல் இல்லாமல் ஒரே சீராக வெளிச்சம் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தாள் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைத் தட்டுக்கு அடியில் கறுப்பு விரிப்பு போட வேண்டும், அப்போதுதான் தட்டின் ஓரம் தெரியும். அடுப்புத் திருகில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவ வேண்டும். எல்லாம் செய்தேன். தண்டபாணியிடம் ஆறு லைட் சொல்லியிருக்கிறேன். "மறுபடியுமா சார்?" என்று சிரித்தான். அவனுக்கு விஷயம் தெரியாது.

சுகந்திக்கும் முழுதாகத் தெரியாது. சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பிப்ரவரி 20ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பிடித்தேன். ஒரு பக்கத்தைக் கிழித்து என்ன ஆகப்போகிறது, எல்லாப் பக்கத்திலும் அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கோயம்புத்தூர் போய் வந்தோம். சொட்டு மருந்து தவறாமல் விடுகிறேன், மணி பார்த்து. அப்படியும் இடது கண்ணின் பார்வை இன்னும் சுருங்கியிருக்கிறது. "இருக்கறதக் காப்பாத்தப் பாக்கறோம் சார்" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. வசந்தா கேட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுகந்தி வந்துவிட்டாள். லீவு கிடைக்க இத்தனை நாள். வாசலில் நின்ற மகளை நோக்கி அவள் அம்மா கையை நீட்டியது ஒரு முழம் தள்ளி. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அறையில் அத்தனை வெளிச்சம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க வழியில்லை. சுகந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள், "வட்டம் தெரியுதுன்னு மார்ச்லயே சொன்னியேம்மா. அப்பறம் கேக்கறப்பவெல்லாம் சரியாப் போச்சுன்னயே. அப்பாகிட்ட என்னதான் சொன்னே நீ?"

நான் கையை நிறுத்தினேன்.

"அவருகிட்ட எங்க சொன்னேன், கண்ணு?" என்றாள் வசந்தா. "லைட்டு சரியில்லைன்னு மட்டுந்தான் சொன்னேன். கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிருப்பாரு. ஆஸ்பத்திரின்னா பயம் எனக்கு. நீ சொன்னேன்னு அவரு டாக்டர்கிட்டக் கூப்பிட்டப்பக்கூட வட்டம் போயிருச்சுன்னு மறைச்சுப்போட்டேன். எந் தப்புதான்."

"ஏம்மா இப்படிப் பண்ணே? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" சுகந்தி கையை உதறிவிட்டு எழுந்துபோனாள். சாப்பாடு அப்படியே கிடந்தது.

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நான் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சுகந்தி குளிக்கப் போயிருந்தபோது வசந்தாவிடம் போனேன். மேடையில் வெங்காயத்தைத் தடவித் தடவி உரித்துக்கொண்டிருந்தாள். "ஏம்புள்ள அப்படிச் சொன்னே? நீ எங்கிட்டச் சொல்லாம ஒண்ணும் இருக்கலியே" என்றேன்.

"தெரியுமுங்க."

"அப்பறம்?"

"இந்தக் கண்ணும் போயிட்டா நான் ஒரு மூலைதானுங்க. அப்பறம் உங்களுக்கு ஒரு காய்ச்சல் தலவலின்னா ஆரு பாக்கறது? அவதான பாக்கோணும். அவ மனசுல உங்க பேரு கெடக் கூடாதுங்க." உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். அது கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது. "எம்மேல கோவம் இருந்தா இருந்துட்டுப் போவுட்டும். பெத்தவ மேல எத்தன நாளைக்குக் கோவம் இருக்கப்போவுது?"

இன்று சாயங்காலம் சுகந்தியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சுகந்தி ஊருக்குக் கிளம்பினாள். அம்மாவிடம் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. வசந்தா வாசல்வரை வந்து, கார் நின்ற பக்கம் என்று நினைத்து வேறு பக்கம் பார்த்துக் கையசைத்தாள்.

காரில் ஏறும் முன் சுகந்தி என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க எவ்வளவோ பண்ணியிருக்கறீங்கப்பா. அம்மாதான் இப்படிப் பண்ணிட்டா. உங்க உடம்பப் பாத்துக்கங்க" என்றாள்.

சரி கண்ணு என்றேன்.